சைக்கிள் தூரமும் கண்டி வீதியும்

இரவு எட்டரைக்குப் பரமேஸ்வராச் சந்தியில இருந்து பஸ் வெளிக்கிட்டது. எங்கட கரப்பந்தாட்ட அணி பேராதனைக்கு விளையாடப் போகுது. நாங்கள் விளையாடுகிறவர்கள் இல்லை. கலைப்பீடத்து நாலு பேர், கைதட்டவும் தண்ணிப் போத்தில் தூக்கவும் கூடப் போனோம். சாவகச்சேரி தாண்டும்வரை பாட்டும் தாளமுமாக இருந்தது. முகமாலையைக் கடக்கும்போது முன் சீற்றில இருந்த பயிற்றுநர் திரும்பிப் பார்த்து, "இதில பஸ் நிக்காமப் போகுதெண்டதை எங்கட வயசுக்காரர் இன்னும் முழுசா நம்பேல்லையடா தம்பியவை" எண்டார். பெடியள் சிரிச்சாங்கள். பாட்டுத் தொடர்ந்தது.

எங்களுக்கு மட்டும் அந்த வசனம் மனசில நிண்டது. இரண்டு அணி, ஒரு பந்து, ஒரு வலை, ஒரு நடுவர் இருந்தால் போட்டி நடக்கும் எண்டுதான் நினைச்சிருந்தோம். வெளியூர்ப் போட்டிக்கு இன்னொன்றும் வேணும். திறந்த பாதை வேணும்.

விளையாட்டு வரலாற்றில இது புதுக் கதை இல்லை. அமெரிக்காவில இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையில நடந்த முதல் விளையாட்டுப் போட்டி எண்டு சொல்லப்படுவது, 1852 ஓகஸ்டில ஹார்வர்டும் யேலும் மோதிய படகோட்டப் போட்டி. அது இரண்டு பேருடைய ஊரிலயும் நடக்கவில்லை. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில ஒரு ஏரியில நடந்தது. ஏனெண்டால் அந்தப் பக்கம் பாதை போட்டிருந்த ரயில் கொம்பனி, தன்னுடைய ரயிலுக்கு ஆள் சேர்க்கிறதுக்காக மாணவர்களின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. தண்டவாளம் வந்த பிறகுதான் எதிரணி வந்தது.

இலங்கைக்கு வருவோம். கொழும்பில றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1879 இல் முதன்முதல் கிரிக்கெட் விளையாடினபோது, அணிகள் பெய்ரா வாவியைப் படகில கடந்து மைதானத்துக்குப் போனதாகச் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதுகிற 'வடக்கின் பெருஞ்சமர்' 1904 இல் தொடங்கியது. அடுத்த வருடம், 1905 இல், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான ரயில் பாதை முழுமையானது. அதுக்கு முதல் தெற்கே போறதெண்டால் வன்னிக் காட்டுக்குள்ளால வண்டிப் பயணம், இல்லாட்டிக் கப்பல். 1956 ஏப்ரலில யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஒரு பகல் கோச்சிப் பயணத்தில கொழும்பில இறங்கலாம். அம்மா கட்டிக் குடுத்த சோத்துப் பார்சலோட ஒரு அணி புறப்படுகிறது சாதாரண விஷயமாகிவிட்டது.

இந்த வருடங்களைக் கவனிக்கிறபோது ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கட ஊரில அதிகம் பேசப்படுகிற போட்டிகள் எல்லாம் சைக்கிள் தூரத்துக்குள்ள இருக்கிற போட்டிகள். மத்திய கல்லூரி மைதானம் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் பக்கத்தில. சென் ஜோன்ஸ் சுண்டுக்குழியில. புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுகிற 'பொன் அணிகளின் போர்' கொஞ்சம் தூரம்தான். ஆனால் அதுவும் சைக்கிளில போய் வரக்கூடியது. போர்க்காலத்தில இந்தப் போட்டிகளும் சில வருடங்கள் தடைப்பட்டன. எண்டாலும் இடைவெளி விட்டு விட்டு உயிரோட இருந்தன. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேணும். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால, பாதை தேவைப்பட்ட போட்டிகள் காணாமல் போனதைப் பற்றி நாங்கள் கதைக்கிறதே இல்லை.

1990 ஜூனில போர் திரும்பத் தொடங்கியது. யாழ்தேவி நிண்டது. ஆனையிறவால சனம் போக முடியாமல் போனது. அதே வருடம் ஒக்டோபர் 30 ஆம் திகதி இன்னொன்றும் நடந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியில வந்து கூடச் சொன்ன விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள்ள ஊரைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். அந்தக் கல்லூரியின் மாணவர்களும் அந்தச் சனத்தோட சனமாகப் போனார்கள். எங்களுக்குத் தெற்குப் பாதையை மூடினது அரசும் போரும். ஆனால் சைக்கிள் தூரத்தில இருந்த ஒரு பள்ளிக்கூடத்தை எங்கட பெயராலேயே வெளியேற்றினார்கள். வெளியூர்ப் போட்டிகளின் இழப்பை எழுதுகிறபோது இதை எழுதாமல் விட்டால் அது அரைக்கணக்கு.

பிறகு வந்த வருடங்களில வெளியில போறதெண்டால் கிளாலி. இரவில, விளக்கில்லாத வள்ளத்தில கடலேரியைக் கடக்கவேணும். 1993 ஜனவரி 2 ஆம் திகதி அப்படிக் கடந்த சனத்தைக் கடற்படை தாக்கியதில பலர் செத்தார்கள். படிப்புக்கும் வைத்தியத்துக்கும் வேற வழியில்லாமல் ஆட்கள் அந்த வள்ளத்தில ஏறினார்கள். ஒரு விளையாட்டுக்காகப் பதினைந்து பிள்ளைகளை எந்தத் தாய் அதில ஏத்துவாள்?

1995 கடைசியில யாழ்ப்பாணம் இராணுவத்திடம் போனது. அதுக்குப் பிறகு 'பாஸ்' எடுத்து, திருகோணமலைக்குக் கப்பலில போகவேணும், இல்லாட்டிப் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறக்கவேணும். 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து கிளம்பின லயன் எயார் விமானம் மன்னார்க் கரையை அண்டிய கடலில விழுந்தது. அதில இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதை வீழ்த்தியது புலிகளின் ஏவுகணை எண்டே பதிவாகியிருக்கு. வழிகள் ஒவ்வொன்றாக எப்படிச் சுருங்கின எண்டதுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

எங்கட பயிற்றுநர் அந்தக் காலத்தில பாடசாலை அணியில விளையாடினவர். மாங்குளம் தாண்டி எல்லாரும் நித்திரையான பிறகு அவரோட கொஞ்ச நேரம் கதைச்சோம். கஷ்டத்தைப் பற்றித்தான் சொல்லுவார் எண்டு எதிர்பார்த்தோம். அவர் வேறொன்று சொன்னார்.

"மண்ணெண்ணெயும் இல்லை, கறண்டும் இல்லை, அதெல்லாம் பழகிப்போச்சு. யாழ்ப்பாணத்துக்குள்ள எங்களை ஆர் வெல்லுவினம், நாங்கள் ஆரை வெல்லுவம் எண்டு எங்களுக்குத் தெரியும். அதுக்கு வெளியில நாங்கள் நல்ல அணியோ மோசமான அணியோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. தெரியாமலே வயசு போட்டுது."

வெளியூர்ப் போட்டி எண்டால் பயணம், கூத்து, படம் எடுக்கிறது எண்டுதான் நாங்கள் நினைச்சு வந்தோம். அவருக்கு அது அளவுகோல். தெரியாத ஆட்களுக்கு முன்னால நிண்டு தன்னைத் தானே அளந்து பார்க்கக் கிடைக்கிற ஒரே வழி. தேசிய அணிக்குத் தெரிவாகிறது எல்லாம் அதுக்குப் பிறகுதான். அவருடைய தலைமுறைக்கு மறுக்கப்பட்டது வெற்றி மட்டுமில்லை, ஒழுங்கான தோல்வியும்தான்.

2002 ஏப்ரலில ஏ9 திறந்தது. முகமாலையிலயும் ஓமந்தையிலயும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லித்தான் போகவேணும். எண்டாலும் போகலாம். தெற்கிலிருந்தும் சனம் பஸ் பஸ்ஸாக வந்தது. 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி திரும்ப மூடினார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகுதான் பாதை மறுபடி திறந்தது. ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்டோபர் ஆனது. கணக்குப் பார்த்தால், 1990 ஜூனில இருந்து 2009 இல் போர் முடியும்வரை அந்தப் பாதை திறந்திருந்ததே நாலு வருடமும் சொச்சமும்தான்.

பேராதனையில நாங்கள் 3–1 எண்டு தோற்றோம். முதல் செற்றை வெண்டு, பிறகு சர்வீஸில பிழைவிட்டு விட்டுத் தோற்றோம். முடிய, எதிரணியில ஒரு பெடியன் பிளேன்ரீயோட வந்து அரைகுறைத் தமிழில, "எத்தனை மணித்தியாலம் வந்தீங்க?" எண்டு கேட்டான். தான் ஒருக்காலும் வடக்குக்கு வந்ததில்லையாம். "அடுத்தமுறை நீங்கள் வாங்கோ" எண்டோம். அவனுக்குப் பாதை திறந்துதான் கிடக்கு. எண்டாலும் அவன் வந்ததில்லை. பாதை திறந்தால் மட்டும் போதாது, அங்கயிருந்தும் ஆட்கள் விளையாட வரவேணும். எங்களைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகளாக இல்லை, எங்களிட்டத் தோற்கவும் கூடிய எதிரணியாக.

கண்டியில தொடங்கி யாழ்ப்பாணத்தில முடிகிற அந்த ஏ9 கிட்டத்தட்ட 320 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில அதை இன்னும் கண்டி வீதி எண்டுதான் சொல்லுவோம். திரும்பி வரும்போது விடிஞ்சுவிட்டது. முகமாலையில பஸ் நிக்கவில்லை. பயிற்றுநர் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.

ஸ்கோர்ப் புத்தகத்தில நடந்த போட்டிகளுக்குத்தான் பக்கம் இருக்கு. நடக்காத போட்டிகள் ஆட்களின் ஞாபகத்தில மட்டும் இருக்கு. உங்கட வீட்டில ஒரு மாமாவோ, பள்ளிக்கூடத்தில ஒரு சேரோ அந்த வருடங்களில விளையாடியிருப்பார். எந்த ஊருக்குப் போய் விளையாட ஆசைப்பட்டார் எண்டு ஒருக்காக் கேட்டு எழுதி வையுங்கோ. நாங்கள் எங்கட பயிற்றுநரிட்ட அதைக் கேட்டோம். யோசிக்காமல் பதில் சொன்னார்: "பேராதனை."