404 41: ஒரு குறியெண்ணின் வரலாறு

சோழர் காலக் கல்வெட்டுகளில் புழற்கோட்டம், அம்பத்தூர் நாடு என்னும் பிரிவுகளைக் காண்கிறோம். அப்பிரிவுகளை வகுத்த ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் பலவாயின. பெயர்கள் கல்லில் தங்கிவிட்டன. நம் மேற்குப் புறநகர்வாசிகளின் சட்டைப்பையிலும் இத்தகைய பழம்பிரிவு ஒன்று நெடுங்காலம் தங்கியிருந்தது. அது கல்லில் இல்லை. சிம் அட்டையில் இருந்தது.

சிம் அட்டை ஒவ்வொன்றும் தனக்குள் ஓர் எண்ணைச் சுமந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவுக்கு 404, 405 ஆகியவை வழங்குகின்றன. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தையும், அந்நிறுவனம் உரிமம் பெற்ற வட்டத்தையும் சுட்டும். 404 40 என்பது சென்னை வட்டத்து ஏர்டெல். 404 41 சென்னை வட்டத்து ஏர்செல். 404 42 சென்னை நீங்கலான தமிழ்நாட்டு ஏர்செல். ஒரே நிறுவனத்துக்கு அடுத்தடுத்து இரண்டு எண்கள் ஏன்? 1990களில் உரிமம் வழங்கியபோது சென்னை தனி வட்டமாகவும் மாநிலத்தின் பிற பகுதிகள் வேறு வட்டமாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. சென்னைக்கு உரிமம் பெற்றவை ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் ஆகிய இரண்டு. 2000இல் ஸ்கைசெல் பார்தி குழுமத்தின் கைக்கு வந்தது. 2003இல் ஆர்பிஜியை ஏர்செல் வாங்கியது. உரிமையாளர் மாறினர், எண் மாறவில்லை.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்றைய செல்பேசி தனக்குரிய அமைப்பு விவரங்களைத் தேர்ந்துகொள்கிறது. இணையத்துக்கு எந்த வாயில் வழியே செல்வது, படச்செய்தியை எந்த முகவரிக்கு அனுப்புவது, குரலழைப்பை எந்த முறையில் நிகழ்த்துவது என்பனவெல்லாம் அவ்விவரங்களில் அடக்கம். அவற்றை எழுதிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, எப்போது கைமாறியது என்பதே நாம் இங்குச் சொல்ல விரும்பும் வரலாறு.

தொடக்கத்தில் அது பயனரிடம் இருந்தது. ஜிபிஆர்எஸ் பரவிய காலத்தில் ஏர்டெல்காரர் ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்’ என்னும் வாயிற்பெயரைத் தாமே ஆங்கிலத்தில் தட்டெழுத வேண்டியிருந்தது. எண்பொத்தான்கள் மட்டுமே உள்ள கருவியில் அது எளிதன்று. அப்பெயரில் அடுத்தடுத்து வரும் பி, ஆர், எஸ் மூன்றும் 7 என்ற ஒரே பொத்தானில் இருந்தன. ஒருமுறை அழுத்தி, பொறுத்து, மும்முறை அழுத்தி, மீண்டும் பொறுத்து, நான்குமுறை அழுத்த வேண்டும். பிஎஸ்என்எல் நிறுவனமோ தென் மண்டலத்துக்கு ஒரு பெயரும் வட மண்டலத்துக்கு வேறொரு பெயரும் வைத்திருந்தது. படைத்துறைத் தொழிற்சாலைகளை நம்பிப் பல மாநிலத்தவரும் குடியேறிய ஆவடி போன்ற ஊரில் இது எத்தகைய குழப்பம் என்று விளக்க வேண்டியதில்லை. அக்காலத்து ரீசார்ஜ் கடைக்காரர்களே இத்துறையின் உண்மையான வல்லுநர்கள் என்பது நம் துணிபு.

தட்டெழுதும் தொல்லையைப் போக்க நோக்கியாவும் எரிக்சனும் சேர்ந்து ஒரு வரைமுறை வகுத்தன. சேவை நிறுவனம் அமைப்பு விவரங்களைக் குறுஞ்செய்தி வடிவில் அனுப்பும். பயனர் ஒப்புதல் தந்தால் கருவி அவற்றைத் தானே பதிந்துகொள்ளும். 2002இல் தோன்றிய ஓப்பன் மொபைல் அலையன்ஸ் என்னும் கூட்டமைப்பு இதனைப் பொதுத் தரமாக வளர்த்தது. ஆயினும் எந்த மாதிரிக் கருவி எந்த வடிவத்தை ஏற்கும் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் அனுப்பச் சொன்னார்கள். ‘சைனா செட்’ என்று நம் மக்கள் அழைத்த மலிவுக் கருவிகளில் பல இச்செய்திகளைப் புரிந்துகொள்ளாமல் விழித்தன.

இதற்கு நேர்மாறான வழியும் அன்று இருந்தது. 2003இல் பரவலான ரிலையன்ஸ் சிடிஎம்ஏ செல்பேசிகளில் சிம் அட்டையே கிடையாது. எல்லாவற்றையும் நிறுவனமே கருவிக்குள் எழுதிக் கொடுத்தது. வாங்கியவருக்குத் தொல்லையில்லை, வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமையும் இல்லை.

திறன்பேசிகள் வந்தபின் நிலை மாறியது. உலகத்து நிறுவனங்கள் அனைத்தின் விவரங்களும் அடங்கிய பட்டியல் கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் அது ஒரு கோப்பு. ஐபோனில் ஆப்பிள் அவ்வப்போது அனுப்பும் தொகுப்பு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இத்தகைய பட்டியலொன்றைத் தாமே தொகுத்து எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டதையும் குறிப்பிட வேண்டும். சேவை நிறுவனங்கள் தரும் விவரத்தைச் சரிபார்த்துப் பட்டியலில் சேர்ப்பதும் சேர்க்காததும் கருவி செய்வோரின் கைக்குப் போயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இதன் விளைவு முதன்முறையாகப் பலருக்கும் தெரிந்தது. ஜியோவின் குரலழைப்பு முழுவதும் அப்போது 4ஜி வழியே சென்றது. அதற்குரிய அமைப்பு இல்லாத 4ஜி கருவிகளில் இணையம் வந்தது, அழைப்பு வரவில்லை. தனிச்செயலி ஒன்றைக் கொண்டு ஒப்பேற்றினார்கள்.

இனி, பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. செல்வோம். திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொழிற்சாலை தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாக வேலை பார்த்தனர். வரி வழக்கில் சிக்கியதால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சொத்துகளில் அது சேரவில்லை. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. பின்னர் அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்யலாயிற்று. 2022 செப்டம்பர் இறுதியில், புதிதாக வெளிவந்த ஐபோன் 14 இந்தியாவில் தயாராவதை ஆப்பிள் உறுதிசெய்தது. செய்யும் இடம் இதே வட்டாரந்தான்.

சில நாட்களில், அக்டோபர் 1 அன்று, இந்தியாவில் 5ஜி தொடங்கிவைக்கப்பட்டது. அக்டோபர் 6இல் ஏர்டெல் அறிவித்த எட்டு நகரங்களுள் சென்னையும் ஒன்று. 22ஆம் நாள் ஜியோவும் சென்னைக்கு வந்தது. அலைவரிசை இருந்தது. கருவியில் அதற்குரிய சில்லும் இருந்தது. ஆனால் ஐபோனில் 5ஜி வரவில்லை. இந்திய நிறுவனங்களுக்குரிய அமைப்பை ஆப்பிள் இன்னும் திறந்துவிடவில்லை. சாம்சங் கருவிகள் பலவும் அப்போது இவ்வாறே காத்திருந்தன. அரசு அதிகாரிகள் கருவி நிறுவனங்களை அழைத்து விரைவுபடுத்தச் சொல்லும் நிலை வந்தது. தரமும் செயல்திறனும் சோதித்து முடிந்தபின் தருவோம் என்றது ஆப்பிள். சோதிக்காமல் திறந்தால் அழைப்பு அறுந்துபோகும், மின்கலம் விரைவில் தீரும் என்பதால் அக்காரணத்தைத் தள்ளிவிட முடியாது. எனினும், நம் ஊர்ப் பெண்கள் பேருந்தில் சென்று இரவும் பகலும் கோத்துக் கொடுத்த கருவி, அவர்கள் குடியிருக்கும் நகரத்தின் அலையைத் தொட கலிபோர்னியாவின் இசைவுக்காகக் காத்திருந்தது என்பதும் உண்மை. நவம்பரில் சோதனைப் பதிப்பும், டிசம்பர் 13 அன்று ஐஓஎஸ் 16.2 பதிப்பும் வந்தன. ஐபோன் 12 முதலான கருவிகளில் 5ஜி தெரிந்தது.

404 41க்கு அந்நாளைக் காணும் பேறு இல்லை. ஏர்செல் 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் சேவை தடுமாறித் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. எண்ணைக் காத்துக்கொள்ள மக்கள் கடைகளின் முன் வரிசையில் நின்று வேறு நிறுவனங்களுக்கு மாறினர். புதிய சிம்மைச் செருகியதும் கருவி புதிய குறியெண்ணைப் படித்துப் பட்டியலில் வேறு வரிக்குப் போய்விட்டது. எதையும் தட்டெழுதச் சொல்லவில்லை.