ஏழு கன்னியர் மலை விமான விபத்து: அறிதற்குரியோர் யார்?

மஸ்கெலியாவுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் அண்மையில், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே எழுந்து நிற்கும் சிகரங்களை மலையக மக்கள் ஏழு கன்னியர் மலை என வழங்குவர். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, பத்து மணி கடந்த வேளையில், ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானமொன்று அம்மலையில் மோதிச் சிதறிற்று. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி, கொழும்பு வழியாக ஜித்தாவுக்குச் செல்லவிருந்த பயணம் அது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர். 191 உயிர்களில் ஒன்றேனும் எஞ்சவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் இன்றுவரை இதுவே மிகப் பெரியது.

விபத்துக்குச் சற்று முன்னர், கட்டுநாயக்காவிலிருந்து 2,000 அடி வரை இறங்குவதற்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தது. விமானத் தளம் கண்ணுக்குப் புலப்பட்டதும் அறிவிக்குமாறு விமானிகள் கேட்கப்பட்டிருந்தனர். ஆயின் விமானமோ அவ்வேளையில் கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், மலைகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. 4,355 அடி உயரத்திலேயே பாறை குறுக்கிட்டது. விமானிகள் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழ் இறங்கினர் என்பதே இலங்கை விசாரணையின் முடிபு. தரைநோக்கி அலைகளைச் செலுத்தி, கடந்த தூரத்தைக் கணிக்கும் டொப்லர் கருவியையும் வானிலை ராடரையும் அவர்கள் நம்பியிருந்தமை அத்தவற்றுக்கு இடமளித்தது எனவும் விசாரணை கருதிற்று.

இத்தகைய விசாரணை யாருக்காக நடத்தப்படுகிறது? 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 26ஆம் உறுப்புரைப்படி, விபத்து நிகழ்ந்த நாடே விசாரிக்கவேண்டும். விமானம் பதிவுசெய்யப்பட்ட நாடு பார்வையாளரை அனுப்பலாம். அறிக்கையும் அந்நாட்டுக்கே அனுப்பப்படும். அரசு அரசுக்கு எழுதும் மடல் போன்றதோர் ஏற்பாடு இது. உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு 1951இல் ஏற்கப்பட்டது. அதன் இன்றைய வாசகம், விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தவிர்த்தலேயன்றிப் பழி சுமத்துதலன்று என்கிறது. ஆதலால் சாட்சிகளின் கூற்றுக்களும் விமானியறை ஒலிப்பதிவுகளும் எளிதில் வெளியிடப்படுவதில்லை. இன்று கூறும் உண்மை நாளை நீதிமன்றில் தனக்கெதிராகவே நிற்கும் என அஞ்சுபவன் வாய் திறவான். இந்நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் இறுதி அறிக்கை பொதுமக்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதும் அவ்விணைப்பின் இன்றைய விதியே.

மறைப்பு எங்கே முடியவேண்டும் என்பதற்கு 1978 நவெம்பர் 15இல் கட்டுநாயக்காவருகே நிகழ்ந்த விபத்து தக்க சான்று. ஹஜ் முடித்து மீண்ட இந்தோனேசியரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டி.சி.-8 விமானம் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து 183 பேர் மாண்டனர். விமானிகள் இறங்குமுறையைக் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை. விமான நிலையத்தின் வழிகாட்டும் கருவி பழுதுற்றிருந்தது, ராடர் கட்டுப்பாட்டாளர் தந்த தகவலும் பிழை என்றது ஐஸ்லாந்து. விசாரிக்கும் அரசே கட்டுப்பாட்டாளருக்கும் கருவிக்கும் உரிமையாளனாயிருக்கையில், அதன் முடிபை வெளியார் சோதித்துப் பார்க்க வழியிருத்தல் வேண்டும். ஐஸ்லாந்துக்கு அவ்வழி இருந்தது; அது ஓர் அரசு.

ஏழு கன்னியர் மலையடிவாரத்தில் வாழ்ந்தோரின் நிலை வேறு. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தவர்கள். அவ்வாண்டே உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. அதற்கெனச் சர்வதேச விதிகளின்படி எந்த விசாரணையும் அமைக்கப்படவில்லை. அவ்விறப்புக்களைப் பின்வந்த ஆய்வாளர் அறிந்துகொண்டது பிறப்பு, இறப்புப் பதிவுப் புள்ளிவிபரங்களினூடாகவே. சலிப்பூட்டும் அட்டவணைகளாயினும் அவை எவரும் எடுத்துப் பார்க்கக்கூடியனவாக இருந்தன. பஞ்சத்தை அவையே காட்டிக்கொடுத்தன.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வுரிமையைச் சட்டம் பிரசைகளுக்கே வழங்குகிறது. நாடற்றோராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003இற்றான் வந்தது. 1974இல் இத்தகையதொரு தகவற் சட்டம் இருந்திருப்பினும், தம் தலைக்குமேல் நிகழ்ந்த விபத்தின் அறிக்கையைக் கேட்க அம்மக்களுட் பெரும்பாலோர்க்கு உரித்து இருந்திராது. அவர்களுக்கு எஞ்சியது நோட்டன் பிரிட்ஜில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ள, அவ்விமானத்தின் சக்கரமொன்றே.