ஒன்பது பேர் புறப்பட்டனர், ஒருவர் கரை சேர்ந்தார்



இன்றைய கருத்தரங்கின் தலைப்பு 'துணிச்சல்'. எனக்கு முன்னால் பேசியவர்கள் போர்க்களத்தையும் விளையாட்டு அரங்கத்தையும் தொட்டுப் பேசினார்கள். நான் உங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1968ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'கோல்டன் குளோப்' என்ற படகுப் போட்டி தொடங்கியது. தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வரவேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். ஒரே ஒருவர் போட்டியை முடித்தார். ஒருவர் திரும்பவே இல்லை. போட்டியை நடத்தியது ஒரு செய்தித்தாள். ஆகவே ஊடகத்தில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் இந்த வரலாற்றை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாரும் வரலாம், தகுதி தேவையில்லை

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1966 ஆகஸ்டு மாதம் பிளைமவுத்திலிருந்து தனியாகப் புறப்பட்டு, வழியில் சிட்னியில் மட்டும் நின்று, 1967 மே மாதம் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு வயது 65. எலிசபெத் அரசியார் அவருக்கு 'சர்' பட்டம் அளித்துச் சிறப்பித்தார். நாடே கொண்டாடியது.

அடுத்து என்ன? எங்கும் நிற்காமல் சுற்றுவதுதான் பாக்கி. 1968 மார்ச் மாதம் 'சண்டே டைம்ஸ்' ஏடு போட்டியை அறிவித்தது. முதலில் வந்து சேருபவருக்குத் தங்க உலக உருண்டைக் கோப்பை. குறைந்த நாளில் சுற்றி வருபவருக்கு 5,000 பவுண்டு. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எந்த நாளிலும் புறப்படலாம். வெளியார் உதவி பெறக்கூடாது. கடலில் அனுபவம் உண்டா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் துணைக்கோள் வழிகாட்டி கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்துதான் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். வானொலி பழுதானால் கரைக்குத் தகவலே வராது. அந்த நிலையில்தான் இந்த ஒன்பது பேரும் கிளம்பினார்கள்.

பாய் கட்டத் தெரியாதவர்

சே பிளைத் என்பவர் முன்னாள் இராணுவ வீரர். 1966இல் தம் அதிகாரி ஜான் ரிட்ஜ்வேயுடன் சேர்ந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் துடுப்புப் போட்டே கடந்தவர். ஆனால், பாய்மரப் படகு ஓட்டத் தெரியாது! 1968 ஜூன் 8ஆம் தேதி அவர் புறப்பட்டபோது நண்பர்கள்தாம் பாய்களைக் கட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு படகில் முன்னால் போய், எப்படித் திருப்புவது என்று செய்து காட்டினார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ஓட்டினார்.

கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனாலும் அவர் தென்னாப்பிரிக்கா வரை போய்விட்டார். இந்தப் படகு தென்கடலின் அலைகளைத் தாங்காது என்று கண்டதும் போட்டியை விட்டு விலகினார்.

அவருக்கு முன் கிளம்பிய ரிட்ஜ்வே பிரேசிலில் கரை ஒதுங்கினார். பில் கிங், லூயிக் பூஜெரோன் இருவரும் தென் அட்லாண்டிக் புயலில் அடிபட்டு விலகினர். இத்தாலியர் அலெக்ஸ் கரோஸோ வயிற்றுப்புண்ணால் போர்ச்சுகலோடு நின்றுகொண்டார். ஐந்து பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

பம்பாய்ப் படகு

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் வணிகக் கப்பல் அதிகாரி. அவர் பணியாற்றியது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தில். நம் முன்னோர் பலரைத் தமிழகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி வந்த 'ரஜுலா' கப்பலை நடத்திய அதே நிறுவனம்தான். அவருடைய 32 அடிப் படகு 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது.

1968 ஜூன் 14ஆம் தேதி பால்மவுத் துறைமுகத்திலிருந்து அவர் கிளம்பினார். நியூசிலாந்துக்குப் பிறகு பல மாதங்கள் அவரிடமிருந்து தகவலே இல்லை. 1969 ஏப்ரல் 22ஆம் தேதி, 312 நாள்களுக்குப் பின், அதே துறைமுகத்தை வந்தடைந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சுங்க அதிகாரி வழக்கம்போல் கேட்டார். "பால்மவுத்" என்றார் அவர்!

பெர்னார்ட் மொய்டெசியே கதை வேறு. ஹனோயில் பிறந்து சைகோனில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர். விரைவான பயணத்துக்குரிய பரிசு அவருக்குக் கிடைக்கக்கூடிய நிலையில், பரிசும் கூட்டமும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். 1969 மார்ச்சில் கேப்டவுன் அருகே ஒரு கப்பலுக்குக் கவண் மூலம் செய்தியை எறிந்துவிட்டு, மறுபடியும் கிழக்கு நோக்கித் திரும்பி டாஹிட்டி தீவுக்கே போய்விட்டார்.

திரும்பும் வழி அடைபட்டவர்

இனிமேல் சொல்லப்போவதுதான் என் பேச்சின் மையம். டோனல்ட் குரோஹர்ஸ்ட் 1932இல் இந்தியாவில், காசியாபாத்தில் பிறந்தவர். மின்னணுக் கருவிகள் செய்து விற்கும் சிறு தொழில் நடத்தினார். தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. மனைவி, நான்கு பிள்ளைகள். வார இறுதியில் பொழுதுபோக்காகப் படகு ஓட்டுபவர். இந்தப் போட்டியில் வென்றால் கருவியும் விற்கும், கடனும் தீரும் என்று நம்பினார்.

அவர் கட்டியது டிரைமரன் எனப்படும் மூன்றுடல் படகு. 'கேட்டமரன்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதிலிருந்து கிளைத்ததுதான் டிரைமரன். படகுக்குப் பணம் கொடுத்தவர் ஓர் ஒப்பந்தம் போட்டார். பயணம் பாதியில் நின்றால் படகின் விலையைக் குரோஹர்ஸ்டின் நிறுவனமே கட்ட வேண்டும். வீடும் ஈடாக வைக்கப்பட்டது. விளம்பரத்தைக் கவனிக்க ஒரு செய்தியாளர் அமர்த்தப்பட்டார். பிபிசி அவருக்குப் படக்கருவியும் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்தது. டெய்ன்மவுத் என்ற ஊரே அவரைத் தன் பிள்ளையாக வரித்துக்கொண்டது.

கடைசி நாளான அக்டோபர் 31ஆம் தேதி படகு தயாராக இல்லை. முதல் நாள் இரவு அவர் மனைவியின் பக்கத்தில் அழுதிருக்கிறார். தேவையான உதிரிப் பொருள்கள் கரையிலேயே கிடந்தன. கிளம்பிய சற்று நேரத்தில் கோளாறு ஏற்பட்டு இழுத்து வரப்பட்டார். சரிசெய்துகொண்டு மாலையில் மீண்டும் கிளம்பினார். போகாதே என்று யார் சொல்வது? எல்லோரும் கையசைத்தார்கள்.

இரண்டே வாரத்தில் படகில் நீர் கசிவது உட்பட எல்லாக் குறைகளையும் தம் பதிவேட்டில் வரிசைப்படுத்தி எழுதினார். தென்கடலுக்குப் போனால் பிழைப்பது சந்தேகம் என்று அவருக்கே தெரிந்தது. முன்னே போனால் மரணம், பின்னே வந்தால் கடன். மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை வானொலியில் சொன்னார். டிசம்பரில் ஒரே நாளில் 243 மைல் ஓடியதாகச் செய்தி வந்தது. மங்கலான தகவல்களுக்குக் கரையிலிருந்த விளம்பரக்காரர் மெருகேற்றினார். ஏடுகள் தலைப்புச் செய்தியாக்கின. சிசெஸ்டர் சந்தேகப்பட்டார். ஏடுகள் சந்தேகப்படவில்லை.

இந்தப் பொய் இன்னொருவரையும் தாக்கியது. நைஜல் டெட்லி என்ற கடற்படை அதிகாரி, குரோஹர்ஸ்ட் பின்னால் துரத்தி வருகிறார் என்று நம்பி, ஏற்கெனவே நைந்துபோன தம் படகை விரட்டினார். 1969 மே 21ஆம் தேதி, இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மைல்களே இருந்தபோது, படகு மூழ்கியது. உயிர் மட்டும் தப்பியது.

இப்போது 5,000 பவுண்டு குரோஹர்ஸ்டைத் தேடி வந்தது. வென்றால் பதிவேட்டை நிபுணர்கள் ஆராய்வார்கள். ஊரில் வரவேற்பு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருடைய கடைசிக் குறிப்பு ஜூலை 1ஆம் தேதியோடு நிற்கிறது. ஜூலை 10ஆம் தேதி நடு அட்லாண்டிக்கில் படகைக் கண்டெடுத்தார்கள். அதில் ஆள் இல்லை. பொய்க் கணக்கும் உண்மைக் கணக்கும் பத்திரமாக இருந்தன.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டையும் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். அவரைப் பற்றி எத்தனை சொன்னாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

பாடம் படித்தார்களா?

படித்தார்கள் என்றே சொல்ல வேண்டும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் பின்னாளில் 'கிளிப்பர்' போட்டியை நிறுவினார். 1996இல் அதன் முதல் பயணம் தொடங்கியது. ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர் என்று யாரும் பணம் கட்டிச் சேரலாம். ஆனால் பயிற்சி கட்டாயம். தலைவராகத் தொழில்முறை மாலுமி இருப்பார். 2010 ஜனவரியில் சிங்கப்பூரை நோக்கி வந்த 'கார்க்' படகு ஜாவா கடலில் பாறையில் மோதியது. உடன் வந்த போட்டிப் படகுகள் திரும்பிப் போய் அனைவரையும் காப்பாற்றின. அப்படியும் 2015 முதல் 2017 வரை மூன்று பேரைக் கடல் கொண்டுபோனது. கடல் கடல்தான்.

2018இல் கோல்டன் குளோப் மறுபடியும் நடந்தது. இம்முறை 8,000 மைல் கடல் அனுபவமும், அதற்கு மேல் 2,000 மைல் தனிப்பயணமும் கேட்டார்கள். வழியில் ஒருமுறை நிற்க நேர்ந்தவர் விலக வேண்டியதில்லை. சிசெஸ்டர் பெயரால் அமைந்த தனிப் பிரிவில் தொடரலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு விதி இருந்திருந்தால்? அந்தப் போட்டியில் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி புயலில் முதுகெலும்பு அடிபட்டு மீட்கப்பட்டார். யாரும் அவரைத் தோற்றவர் என்று சொல்லவில்லை. அடுத்த போட்டியில், 2023இல், இரண்டாவதாக வந்தார்.

பாய் கட்டத் தெரியாத சே பிளைத் என்ன ஆனார்? திரும்பி வந்தவர் முறையாகக் கற்றுக்கொண்டார். 1970இல் புறப்பட்டு, காற்றுக்கு எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரானார். 292 நாள்கள்!

நேயர்களே, அவர் திரும்பி வந்ததால் மீண்டும் போக முடிந்தது. நம் வீட்டிலும் பிள்ளைகளைப் பெரிய படிப்புக்கும் தொழிலுக்கும் மேடைக்கும் கையசைத்து அனுப்புகிறோம். என் தொழிலில் நாங்கள் கேமராவை வைத்துக்கொண்டு அவர்களை இன்னும் வேகமாகத் தள்ளுகிறோம். அனுப்பும்போது வாழ்த்தோடு இன்னொரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "முடியவில்லை என்றால் திரும்பி வா. வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்." குரோஹர்ஸ்டுக்கு அன்று கரையில் அதைச் சொல்ல ஆள் இல்லை.