வினாத்தாளும் ஏதுவும்: ஈழத்து விஞ்ஞானப் பரீட்சைகளின் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

பரீட்சை என்னுஞ் சொல் பள்ளிக்கூடத்திற் பிறந்ததன்று. பொன்னின் மாற்றையும் மணியின் குற்றங் குணங்களையும் ஆராய்ந்து காண்பதனையும் நம் முன்னோர் பரீட்சை என வழங்கினர். உரைகல் பொன்னை ஆக்குவதில்லை. உள்ள பொன் எத்தகையது என்று காட்டுவதோடு அதன் தொழில் முடிந்துவிடும். ஆயினும், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக நம் நாட்டுக் கல்வியிலே உரைகல்லே பொற்கொல்லனின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. வினாத்தாள் எதனை வேண்டுகின்றதோ அதனையே வகுப்பறை ஆக்குகின்றது; அது வேண்டாததனை வகுப்பறை கைவிடுகின்றது. விஞ்ஞானக் கல்வியில் இதனால் விளைந்தது யாது, காரணங் கண்டு ஆராயும் அறிவைச் சோதிக்கும் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் நெறி யாது என்னும் இரண்டினையும் ஈழத்துக் கல்வி வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினரியில் ஈழத்துத் தமிழ் மாணவர் மேனாட்டுக் கணிதத்தையும் வானசாஸ்திரத்தையும் ஒழுங்கான முறையிற் கற்றனர். கிறித்தவ மதத்தைப் பரப்புதலே அதனை நிறுவியோரின் முதல் நோக்கமென்பதை நாம் மறத்தற்கில்லை. அந்நோக்கத்துக்கு எதிர்நின்றே ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். எனினும், அச்செமினரியின் வரலாற்றில் விஞ்ஞான ஆசிரியர் கருத்திற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றிச் செமினரித் தலைவராயிருந்த டானியல் பூர் ஐயர் ஒரு கணிப்பும், பஞ்சாங்கங் கணித்த விசுவநாத சாஸ்திரியார் வேறொரு கணிப்பும் செய்திருந்தனர். தொடங்கும் நேரம், நிற்கும் கால அளவு, மறைக்கப்படும் பகுதி ஆகிய மூன்றிலும் அவை வேறுபட்டன. கிரகண இரவில் வானத்தை நோக்கியபோது பூர் ஐயரின் கணிப்பே பொருந்திற்று.

மிஷனரிமார் இதனைத் தம் மதத்துக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்ட முயன்றனர். அது பொருந்தாத வாதம். கிரகணம் வரும் நாளைச் சாஸ்திரியாரும் நன்கறிந்திருந்தார். மாணவர் கற்கத்தக்க பாடம் வேறு. கூற்று முன்னதாக எழுதப்படல் வேண்டும். அது பொய்க்குமாயின் பொய்த்ததென்று யாவருங் காணும் வகையில் அமைதல் வேண்டும். இறுதித் தீர்ப்பை வானத்துக்கே விட்டுவிடல் வேண்டும். விஞ்ஞான நியாயத்தின் சாரம் முழுவதும் இம்மூன்றில் அடங்கும்.

இத்தகைய பயிற்சியின் வலிமை பின்னர் ஒருமுறை வெளிப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை என்னும் ஈழத்தவர் இருவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்கள். விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்னும் அட்சரகணித நூலைத் தமிழில் இயற்றியவர். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர். இவர்களின் தேர்ச்சியைப் பாராட்டுவோர் பலர். அவர்கள் தோற்றியது ஒரு பல்கலைக்கழகத்தின் முதற் பரீட்சை என்பதனையோ பலரும் நினைப்பதில்லை. முதற் பரீட்சைக்கு முந்திய ஆண்டு வினாத்தாள் என ஒன்று இருத்தல் இயலாது. எவ்வினா வரும் என்று ஊகித்து விடையை நெட்டுருச் செய்வதற்கு வழியே இல்லாத பரீட்சை அது. அங்கே அவர்களுக்குத் துணைநின்றது, எவ்வினா வரினும் ஆராயப் பழகிய அறிவே.

அதன்பின் நிலைமை மாறலாயிற்று. 1869 ஆம் ஆண்டிற் பொதுக் கல்வித் திணைக்களம் அமைந்தது. அதனையடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்கு மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றை நோக்கி நன்கொடை வழங்கும் முறை புகுந்தது. மாணவன் சித்தியெய்தினாற் பணம், தவறினாற் பணமில்லை என்றாகவே, கற்பித்தலின் பயன் ஓராண்டுக்குள் அளந்து காணத்தக்கதாகச் சுருங்கிற்று. 1880 ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் பரீட்சைகள் இலங்கையிற் புகுந்தன. இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் வந்து சேர்ந்தன. இவை வந்ததனால் நன்மை இல்லையெனக் கூறுதல் நன்றியின்மையாகும். மட்டக்களப்பு மாணவனும் கொழும்பு மாணவனும் ஒரே வினாத்தாளுக்கு ஒரே கால அளவில் விடையெழுதினர். விடையைத் திருத்தியவர் அவர்களின் குலத்தையோ குடும்பத்தையோ அறியார். நியமப் பரீட்சையின் தலையாய அறம் இதுவே. ஆனால், ஆண்டுதோறும் வினாத்தாள் அச்சாகி வெளிவரவே, அதன் போக்கை அறிவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

அப்பரீட்சைகளின் வழியே சென்றும் அவற்றின் சிறைக்குள் அகப்படாத ஒருவரை நாம் அறிவோம். 1892 ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்து, பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாக விளங்கிய மயில்வாகனனாரே அவர். மட்டக்களப்பில் 1908 ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்திய அவர், ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். பின்னர் மருதானையிலே 1893 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916 ஆம் ஆண்டில் விஞ்ஞானத் தராதரப் பத்திரம் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் அவர் தேறியதும் அதே ஆண்டிலாகும். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்கும் வெளிவாரியாகத் தோற்றித் தேறினார். ஆசிரியத் தொழிலைச் செய்துகொண்டே இரவிற் கற்றுப் பட்டம் பெறும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியமைக்கு அன்னோர் காட்டிய வழியும் ஒரு காரணம் எனலாம்.

அடிகளார் கற்ற பௌதிகவியல் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. 1936 ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். அம்முயற்சியின் பயனாக 1938 ஆம் ஆண்டிற் கலைச்சொற்கள் நூல் வெளிவந்தது. 1947 ஆம் ஆண்டில் அரங்கேறிய யாழ் நூலிலே, வழக்கிழந்த ஒரு கருவியைப் பழைய நூற்சான்றுகளினின்றும் ஒலியியற் கணக்கினின்றும் மீட்டுருவாக்கினார். நூற்கூற்றைக் கணக்கால் உரைத்துப் பார்த்த அம்முறை, எந்தப் பரீட்சையும் அவரிடம் வேண்டாத ஒன்று. விஞ்ஞானக் கல்வி உண்மையில் நிகழ்ந்தது என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இருபெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி போதனாமொழியாகிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறி, 1960களில் உயர்தர விஞ்ஞானத்தையும் எட்டியது. ஆங்கிலம் அறியாத வீட்டுப் பிள்ளையும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்க வழி பிறந்தது. ஆனால், பல்கலைக்கழக இடங்களோ அவ்வேகத்திற் பெருகவில்லை. வாயில் ஒடுங்கியதாய், வருவோர் பலராய் ஆனபோது, வினாத்தாள் அறிவின் அளவுகோல் என்பதிலிருந்து வாழ்வின் வாயிற்காவலன் என்னும் நிலைக்கு மாறிற்று.

ஈண்டுத் தரம் என்னுஞ் சொல் இருபொருள்பட நின்று நம்மை மயக்குவதைக் கவனித்தல் வேண்டும். எல்லோருக்கும் ஒரே வினா, ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்பது நியமப் பரீட்சை. திருத்திய பின்னர்ப் புள்ளிகளை மொழி நோக்கியோ மாவட்டம் நோக்கியோ மாற்றுவது தரப்படுத்தல். 1971 ஆம் ஆண்டுக்கான அனுமதியிலே, பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளுள் தமிழ்மொழி மூல மாணவன் 250 பெறல் வேண்டுமெனவும், சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதுமெனவும் வரையறுக்கப்பட்டது. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. விஞ்ஞானகூடமே இல்லாத பின்தங்கிய மாவட்டங்கள் இருந்தன என்பது உண்மை. அங்குள்ள பிள்ளைக்கு வழிவிடல் வேண்டுமென்பதும் நியாயமே. ஆனால், எழுதிய விடைக்கு உரிய புள்ளி எழுதிய மொழியால் வேறுபடும் என்ற முறையிலே, நியமப் பரீட்சையின் தலையாய அறம் சிதைந்தது. அதனால் ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஏற்பட்ட புண்ணின் விளைவை இந்நாடு நன்கறியும்.

2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை வழக்கில் உள்ளது. மாணவன் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. வினாத்தாள் கடினமான பாடத்தைத் தெரிந்தவன் அதனால் நட்டமடையாதவாறு அது காக்கின்றது. விஞ்ஞானத் துறைகளில் இடங்களுள் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. இவ்வேற்பாடு புள்ளிகளை ஒப்பிடுமேயன்றி, அப்புள்ளி நினைவாற் பெற்றதா நியாயத்தாற் பெற்றதா என்று கூறமாட்டாது. அதனைத் தீர்மானிப்பன வினாவும் அவ்வினாவுக்கு ஆசிரியர் அளிக்கும் பயிற்சியுமே.

உயர்தர இரசாயனவியலின் முதல் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். 50 பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். கண்ணை மூடிக்கொண்டு குறியிடுபவனுக்கும் சராசரியாகப் 10 வினாக்கள் சரியாக வரும். இறுதிப் பத்து வினாக்களில் இரண்டு கூற்றுக்கள் தரப்படும். இரண்டும் உண்மையா என்பதோடு, இரண்டாவது கூற்று முதற் கூற்றுக்குச் சரியான விளக்கமா என்பதும் கேட்கப்படும். மாணவர் பலர் இடறுமிடம் இதுவே. உண்மைகளை அறிந்திருப்பர், உண்மைகளுக்கு இடையிலுள்ள தொடர்பை அறியார்.

ஓர் உதாரணம் கூறுவாம். முதற் கூற்று: மட்பானையில் வைத்த நீர் குளிர்ந்திருக்கும். இரண்டாங் கூற்று: மண் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. இரண்டும் உண்மையே. ஆனால் பின்னது முன்னதற்குக் காரணமன்று. பானையின் நுண்டுளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதே காரணம். இதனை எவ்வாறு நிறுவலாம்? வறண்ட காற்று வீசும் நாளில் நீர் மிகக் குளிர்கின்றது. மழைக்காலத்து ஈரக் காற்றில் அவ்வளவு குளிர்வதில்லை. மண்ணின் கடத்துதிறனே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றாது. பானையின் வெளிப்புறத்துக்கு மெழுகு பூசினாற் குளிர்ச்சி குன்றும். மண் அதே மண்ணாகவே இருக்கும். இவ்வாறு ஒவ்வொரு காரணத்தையும் நிறுத்தி வினாவுபவனுக்கு விடையை நினைவில் வைக்க வேண்டுவதில்லை.

இம்முறை நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29 ஆங் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றை வகுத்துக் கூறி, பிழைபட்ட ஏதுக்களையும் விரித்துரைக்கின்றது. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை உண்மையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலே காண்டல், கருதல், உரை என அளவைகளை ஆராய்ந்த பின்னரே தம் சித்தாந்தத்தை நிறுவப் புகுகின்றார். இம்மரபில் வந்த நாம், விஞ்ஞான வகுப்பில் உரை ஒன்றையே அளவையாகக் கொண்டு, காண்டலையும் கருதலையும் கைவிடுவது வியப்பன்றோ?

அவ்வாறு கைவிடுவதன் விளைவை அயலிலும் காணலாம். பிசா எனப்படும் சர்வதேசச் சோதனை 2000 ஆம் ஆண்டு தொடக்கம் 15 வயது மாணவரின் வாசிப்பு, கணித, விஞ்ஞான ஆற்றல்களை அளந்து வருகின்றது. பாடநூல் வரியை மீட்டுரைக்குமாறு அது கேட்பதில்லை. முன்பின் அறியாத ஒரு சூழலைத் தந்து, அதிலிருந்து முடிபு காணுமாறு கேட்கின்றது. 2010 ஆம் ஆண்டிலே தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் அதில் பங்குபற்றின. பொதுத் தேர்வுகளில் தமிழ்நாட்டின் தேர்ச்சி வீதம் உயர்ந்திருந்த காலம் அது. எனினும் 2011 இன் இறுதியில் வெளியான பெறுபேற்றில் இருமாநிலங்களும் பட்டியலின் அடிப்பகுதியிலேயே நின்றன. தமிழ்ப் பிள்ளைகளின் அறிவு குறைந்ததென இதற்குப் பொருளில்லை; அவர்கள் பழகியது ஒன்று, கேட்கப்பட்டது மற்றொன்று.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, முந்திய வினாத்தாள்களைக் கற்பித்தலின் இறுதியிற் கொள்க. தொடக்கத்திலேயே கொடுத்தால், அவை பாடத்தைச் சோதியாமல் பாடமாகவே மாறிவிடும். இரண்டாவது, பல்தேர்வு வினாவிற் சரியான விடையை மட்டும் கூறி அப்பாற் செல்லற்க. எஞ்சிய நான்கும் ஏன் பொருந்தா என்பதை மாணவரே எழுந்துநின்று வாதிக்குமாறு செய்க. ஒரு வினாவுக்குக் கால்மணி நேரம் செலவாகலாம். அக்கால்மணி நேரம் ஐம்பது வினாக்களுக்குப் பயன்படும். மூன்றாவது, பரிசோதனைக்கு முன்னரே விளைவு யாதாகும் என ஒவ்வொரு மாணவனையும் எழுதச் செய்க. முன்னரே எழுதிய கணிப்புப் பொய்க்கும்போது பிறக்கும் வினாவுக்கு ஈடான ஆசிரியர் இல்லை. மட்பானைக்கும் மெழுகுக்கும் பெரிய விஞ்ஞானகூடம் வேண்டுவதில்லை. வசதி குறைந்த பாடசாலையும் இவற்றைச் செய்தல் கூடும்.

இவ்வாறு பயிற்றினாற் பாடத்திட்டம் முடியாதே, பெற்றோர் பொறாரே என்பர் சிலர். அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. ஒரு புள்ளியில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஊசலாடும் நாட்டில் நாம் வாழ்கின்றோம். ஆனால் பாடத்திட்டங்கள் மாறும். பரீட்சைகளின் பெயர்களும் மாறும். 1975 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை சில ஆண்டுகளுக்குள் மறைந்து, பழைய சாதாரண தரமே மீண்டது. அன்று அப்பரீட்சையின் போக்கை மட்டும் பயின்றவனுக்கு, அது மறைந்த நாளில் அப்பயிற்சியும் மறைந்தது. ஏதுவை ஆராயக் கற்றவனுக்கோ எந்த வினாத்தாளும் அந்நியமன்று. முந்திய ஆண்டு வினாத்தாள் இல்லாத பரீட்சைக்குச் சென்று தேறிய அவ்விருவரைப் போலவே, வாழ்க்கை என்னும் பரீட்சைக்கும் நம் மாணவர் முந்திய வினாத்தாள் இன்றியே செல்லவேண்டியவராவர்.