'நான்' ஈகோவான கதை

இலண்டன் ஹாம்ஸ்டெட்டில், மெயர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் 20ஆம் இலக்க வீடு இன்று ஓர் அருங்காட்சியகம். நாஜிகளிடமிருந்து தப்பி, 1938இல் வியன்னாவை விட்டு வந்த சிக்மண்ட் பிராய்ட் தமது கடைசி நாள்களைக் கழித்த வீடு அது. அவருக்கு முன்பே அவருடைய சொற்கள் இந்நகருக்குப் புலம்பெயர்ந்திருந்தன.

1923இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பை நேராகத் தமிழாக்கினால் 'நானும் அதுவும்' என்று வரும். இரண்டும் ஜெர்மன் குழந்தை தினமும் பேசும் சொற்கள். 1927இல் ஜோன் ரிவியேர் அந்நூலை ஆங்கிலத்தில் தந்தபோது, 'நான்' லத்தீனில் 'ஈகோ' ஆனது. 'அது' 'இட்' ஆனது. ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியைப் பொதுப்பதிப்பாசிரியராகக் கொண்டு 1953 முதல் 1974 வரை வெளிவந்த 24 தொகுதிகள் அவ்வழக்கை நிலைநிறுத்தின.

அதற்கு நியாயமும் உண்டு. ஆங்கிலத்தின் 'ஐ' பெயர்ச்சொல்லாக நிற்கச் சிரமப்படும். லத்தீன் சொல்லுக்கு மருத்துவ மதிப்பும் இருந்தது. ஆனால், தன்னைப் பற்றிப் பேசும் சொல் நோயாளியின் வாயிலிருந்து மருத்துவரின் கைக்குப் போய்விட்டது என்று 1980களில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் வாதிட்டனர்.

இழப்பு நமக்கும்தான். நம் வீடுகளில் 'ஈகோ' என்றால் திமிர். ஆலோசனை அறையில் அச்சொல்லைக் கேட்கும் நம் பெரியவர், தம்மைக் கண்டிக்கிறார்கள் என்றே எண்ணக்கூடும். பிராய்ட் சொன்னதோ வெறும் 'நான்'. அந்தச் சொல் தமிழில் முதலிலிருந்தே இருக்கிறது.