கண்ணுக்கு மட்டும் கடை

கண்காட்சி என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்குவோம். காட்சி என்றாலே அது கண்ணுக்குரியதுதான்; அதன் முன் கண்ணை மறுபடியும் ஏன் சேர்த்தார்கள் என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர் எவரும் கண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை. கழிவு போக விலை கொடுத்துக் கைநிறைய வாங்கித்தான் திரும்புகிறோம். ஆனால் அச்சொல்லின் பொருளை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிற ஒரு சட்டம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அது புதிய மோட்டார் வாகனக் கண்காட்சிகளைப் பற்றியது.

அம்மாநிலத் தொழிற்சட்டத் தொகுப்பின் 2301.358ஆம் பிரிவு கூறுவது இது: உரிமம் பெற்ற முகவரோ உற்பத்தியாளரோ கண்காட்சியில் பங்கேற்க வேண்டுமாயின், அது தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்து, எழுத்து மூலமே ஒப்புதல் பெற வேண்டும். பெற்ற பின்னும் அங்கே வாகனத்தை விற்கலாகாது. விற்பனைக்கு என்று முன்வைக்கவும் கூடாது. முகவரின் ஆட்கள் உடனிருந்து காட்டலாம், அவ்வளவே. வண்டி இருக்கிறது, விற்பவர் இருக்கிறார், வாங்குபவரும் பையில் பணத்தோடு நிற்கிறார்; வியாபாரம் மட்டும் நடக்கக் கூடாது!

இந்த விந்தை எங்கிருந்து வந்தது? 1900 நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அமெரிக்க ஆட்டோமொபைல் கழகம் நடத்திய காட்சியில், மரப்பலகை பாவிய ஓடுபாதையில் வண்டிகளை ஓட்டிக் காட்டினார்கள். குதிரை இல்லாத வண்டியும் ஓடும், நிற்கும், திரும்பும் என்று மக்களை நம்ப வைப்பதே அன்றைய தேவை. நம்பிய மக்கள் பெருகியபோது, ஊர்தோறும் விற்றுப் பழுதும் பார்க்க முகவர்கள் தோன்றினார்கள். உற்பத்தியாளர் சிலர், முகவர்களோ பல்லாயிரவர். வலிமை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1920-21ஆம் ஆண்டுகளின் மந்தத்தில் ஹென்றி ஃபோர்டு செய்ததை வரலாறு மறக்கவில்லை. விற்காமல் தேங்கிய கார்களை முகவர்களுக்கு அனுப்பிவைத்தார். கேட்காத சரக்கு வாசலில் வந்து நின்றது. ரொக்கம் கொடுத்து எடுக்க வேண்டும், மறுத்தால் முகமை பறிபோகும். முகவர்கள் உள்ளூர் வங்கிகளில் கடன்பட்டார்கள். பெரிய வங்கிகளிடம் கையேந்தாமல் ஃபோர்டு தப்பித்தார். அதாவது, அவர் வாங்க வேண்டிய கடனை ஆயிரக்கணக்கான சிறு வணிகர்கள் வாங்கினார்கள்.

இந்தக் காயத்திலிருந்து பிறந்தவையே முகமைச் சட்டங்கள். 1937இல் விஸ்கான்சின் மாநிலம் வழிகாட்டியது. காரணமின்றி நீக்கப்பட்ட முகவர் நீதிமன்றம் செல்ல 1956இல் மத்திய சட்டம் இடமளித்தது. டெக்சாஸ் தன் மோட்டார் வாகன ஆணையத்தை 1971இல் அமைத்தது. கலிபோர்னியாவின் இத்தகைய சட்டமொன்று செல்லும் என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இவற்றோடு கண்காட்சியைப் பொருத்திப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. முகவரின் உரிமம் இடத்தோடு பிணைந்தது. இன்ன ஊரில், இன்ன கட்டடத்தில் கடை வைத்து, விற்ற வண்டிக்கு நாளையும் பொறுப்பேற்பவரே முகவர். நான்கு நாள் கூடாரம் அடித்து விற்றுவிட்டு ஐந்தாம் நாள் மறைகிறவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. உள்ளூர்க்காரரின் பிழைப்பையும் அவர் கொண்டுபோய்விடுவார். ஆகவே காட்சிக்கு இடமுண்டு, கடைக்கு இல்லை என்றாயிற்று. விதிவிலக்குகளும் உண்டு: இழுவை வீடு, மோட்டார் வீடு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பழுதான வாகனங்களை இழுத்துச் செல்லும் வண்டி ஆகியவற்றை ஒப்புதல் பெற்ற காட்சியில் விற்கலாம். தெருவுக்குத் தெரு கடை இல்லாத வண்டிகள் இவை என்பதை நோக்கினால் இதிலும் ஒரு நியாயம் தெரிகிறது.

ஆயினும் கேடயம் காலப்போக்கில் வேலியாக மாறும். முகவரே இல்லாமல் நேரடியாக விற்க விரும்பிய டெஸ்லா நிறுவனம் டெக்சாஸில் காட்சிக்கூடங்களை மட்டுமே திறக்க முடிந்தது. அங்கே பணியாளர் விலை சொல்லக் கூடாது. ஓட்டிப் பார்க்கத் தரவும் கூடாது. சட்டத்தை மாற்ற 2013இல் நடந்த முயற்சி தோற்றது. 2022 ஏப்ரலில் ஆஸ்டின் அருகே அந்நிறுவனத்தின் மாபெரும் ஆலை திறப்புவிழா கண்டபோதும் இத்தடை நீங்கியிருக்கவில்லை. அந்த மண்ணில் செய்த வண்டியை அந்த மண்ணின் கடையில் விலை கேட்க முடியாத நிலை.

யார் பக்கம் நிற்பது? கேட்காத சரக்கை ஏற்றுக் கடனாளியான அந்தப் பழைய முகவரை நினைத்தால் சட்டத்தின் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. விலை கேட்டு விடை கிடைக்காமல் திரும்புகிறவரை நினைத்தால் மனம் மாறுகிறது. அன்று எளியவராயிருந்த முகவர்களில் பலர் இன்று பெருஞ்செல்வர். சட்டமன்றங்களில் அவர்களுடைய குரலுக்கு வலு அதிகம். எளியவரைக் காக்க எழுதிய சட்டத்தை, எளியவர் யார் என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. உற்பத்தியாளரும் முகவரும் நூறாண்டாக வழக்காடும் இந்த மன்றத்தில், வாங்க வந்தவர் இன்னும் பார்வையாளர் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். கண்காட்சி என்ற சொல் அவருக்குத்தான் முழுதும் பொருந்துகிறது.