நியூட்டனின் கொள்ளைநோய்க் காலம்

2020 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை வீடு திரும்பச் சொன்ன நாட்களில், பழைய கதை ஒன்று உலகெங்கும் கைமாறத் தொடங்கியது. 1665இல் பிளேக் வந்தது, பல்கலைக்கழகம் மூடப்பட்டது, ஐசக் நியூட்டன் என்ற இளைஞர் கிராமத்து வீட்டுக்குப் போனார், தோட்டத்தில் ஆப்பிள் விழுந்தது, நுண்கணிதமும் ஒளியியலும் ஈர்ப்பு விதியும் பிறந்தன. இந்தக் கதையின் வாலில் ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டிருந்தது: கிடைத்த ஓய்வில் நீங்கள் என்ன சாதிக்கப் போகிறீர்கள்? சொன்னவர்கள் ஊக்கமூட்டுவதாகத்தான் எண்ணியிருப்பார்கள். அறைக்குள் அடைபட்டு, தேர்வு நடக்குமா என்றுகூடத் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது வயதுக்காரருக்கு அது இன்னொரு சுமை. இக்கதை எவ்வளவு தூரம் உண்மை என்பதையும், அதில் யாரெல்லாம் விடுபட்டுப் போனார்கள் என்பதையும் நாம் சற்றுப் பார்க்கலாம்.

1665இல் லண்டன் மரணப் பட்டியல்களில் பிளேக் சாவுகளாகப் பதிவானவை மட்டும் 68,000க்கு மேல். கேம்பிரிட்ஜ் அருகே ஆண்டுதோறும் கூடும் ஸ்டூர்பிரிட்ஜ் சந்தை நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 7 அன்று டிரினிடி கல்லூரி ஒரு தீர்மானம் இயற்றியது: நோய்க்கு அஞ்சி நாட்டுப்புறம் செல்லும் ஃபெலோக்களுக்கும் ஸ்காலர்களுக்கும் உணவுப்படி தொடர்ந்து கிடைக்கும். அம்மாதம் அப்படி வாங்கியவர்கள் பட்டியலில் நியூட்டனின் பெயர் இல்லை. ஆகவே அவர் அதற்கு முன்பே லிங்கன்ஷயரிலுள்ள வூல்ஸ்தோர்ப்புக்குக் கிளம்பிவிட்டார் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1666 மார்ச் 20 அன்று திரும்பினார். ஜூனில் நோய் மீண்டும் தலைதூக்க, மறுபடி ஊர். 1667 ஏப்ரலில்தான் நிலையாகத் திரும்பினார். ஆக, அது ஒரே மூச்சான தவம் அல்ல. இடையில் மூன்று மாதம் அவர் கேம்பிரிட்ஜிலேயே இருந்தார்.

கண்டுபிடிப்புகளின் கணக்கும் இப்படித்தான். டெகார்ட்டின் வடிவியலையும் வாலிஸின் நூல்களையும் 1664இலேயே அவர் குடைந்துகொண்டிருந்தார் என்பதை அவருடைய கையெழுத்துக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. ஓடத் தொடங்கிய வண்டியை பிளேக் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். ஈர்ப்பு விதியோ முழு வடிவில் வெளிவர 1687 வரை, அதாவது இருபது ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் கதையை 83 வயது நியூட்டன் 1726இல் தம் நண்பர் ஸ்டக்லியிடம் தோட்டத்தில் தேநீர் அருந்தியபடி சொன்னார். பிளேக் ஆண்டுகளே தம் அறிவின் உச்சம் என்று அவர் எழுதிவைத்ததும் முதுமையில்தான். அப்போது நுண்கணிதத்தை முதலில் கண்டது யார் என்று லைப்னிட்ஸ் தரப்போடு அவருக்குப் பெரும் வழக்கு இருந்தது. முன்தேதியிட்ட நினைவுகளைச் சற்று எச்சரிக்கையோடு வாசிப்பது நல்லது.

எனினும், கணக்கைத் திருத்துவதைவிட மனிதரைப் பார்ப்பதே நமக்கு முக்கியம். பிறக்கும் முன்பே தந்தை இறந்தார். மூன்று வயதில் தாய் மறுமணம் செய்துகொண்டு, மகனைப் பாட்டியிடம் விட்டுச் சென்றார். 1662இல், டிரினிடி மாணவராக இருக்கையில், தம் பாவங்களைச் சுருக்கெழுத்தில் பட்டியலிட்டார் நியூட்டன். ஐம்பதுக்கும் மேற்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை இரவில் பலகாரம் செய்தது போன்ற சிறு குற்றங்களுக்கு நடுவே, மாற்றாந்தந்தையையும் தாயையும் வீட்டோடு எரித்துவிடுவதாக மிரட்டியதும், சிலருக்குச் சாவு வரவேண்டும் என்று விரும்பியதும் இருக்கின்றன. சூரியனைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டு, இருட்டறையில் மூன்று நாள் அடைந்துகிடந்ததை 1691இல் லாக்குக்கு எழுதினார். 1693இல் உறக்கமும் உணவும் இழந்து, அதே லாக்கைப் பற்றிச் சாவதே நல்லது என்று சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். தனிமை இவரை மலரச் செய்தது என்று இளைஞர்களுக்குச் சொல்பவர்கள் இந்தத் தாள்களைப் புரட்டியதில்லை போலும்.

அவருக்குத் துணை கிடைத்த விதமும் அறியத்தக்கது. கேம்பிரிட்ஜில் முதல் அறைத்தோழனோடு ஒத்துவராமல், ஒரு நாள் தனியாக உலாவிக்கொண்டிருந்தார். எதிரே ஜான் விக்கின்ஸ் என்ற மாணவரும் அவ்வாறே மனம் வாடித் தனியாக நடந்து வந்தார். பேசிப் பார்த்ததில் இருவருக்கும் ஒரே குறை. அறைகளை மாற்றிக்கொண்டு சேர்ந்து வாழ்வதென்று முடிவுசெய்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். விக்கின்ஸின் மகன் 1728இல் எழுதிய கடிதத்தால் இது நமக்குத் தெரிகிறது.

அப்புறம் பணம். 1661இல் நியூட்டன் சேர்ந்தது பிற மாணவர்களுக்கு ஏவல் செய்து படிக்கும் ஏழை மாணவர் வகுப்பில். தாய்க்கு வசதி இருந்தும் அப்படி. 1664 ஏப்ரலில்தான் ஸ்காலர் ஆனார். மேற்சொன்ன தீர்மானம் உணவுப்படி அளித்தது ஃபெலோக்களுக்கும் ஸ்காலர்களுக்கும் என்பதை மறுபடி நினைவூட்டுகிறோம். பிளேக் இரண்டாண்டு முந்தி வந்திருந்தால் நியூட்டன் அந்த வரம்புக்கு வெளியே நின்றிருப்பார்.

1630இலும் கேம்பிரிட்ஜ் பிளேக்கினால் மூடப்பட்டது. வாரந்தோறும் லண்டனுக்கு வண்டி ஓட்டிய முதியவர் தாமஸ் ஹாப்சன், நோய்த்தடையால் பயணம் நின்றுபோய் 1631 சனவரியில் இறந்தார். அப்போது மாணவராயிருந்த மில்டன், சும்மா இருந்ததே அவரைக் கொன்றது என்று வேடிக்கையும் வருத்தமும் கலந்து இரு கவிதைகள் எழுதினார். அடைபட்டிருப்பதும் ஒரு நோய் என்பதை மாணவர் ஒருவர் கண்டுகொண்ட இந்த இடம், ஆப்பிள் கதையைவிட நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் மாணவர்களை மீண்டும் விடுதிகளுக்கு வரவழைத்தன. செப்டம்பர் இறுதியில் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் விடுதிகளில் சுமார் 1,700 மாணவர்கள் பதினான்கு நாட்களுக்கு உள்ளேயே இருக்கப் பணிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முதன்முறை வீட்டைப் பிரிந்தவர்கள். சன்னல்களில் தாள்களை ஒட்டி, தங்கள் விடுதியைச் சிறைச்சாலை என்று எழுதிவைத்தார்கள். நவம்பரில் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இங்கிலாந்து மாணவர்களிடம் கேட்டபோது, 57 விழுக்காட்டினர் பருவம் தொடங்கியதிலிருந்து தங்கள் மனநலம் மோசமாகிவிட்டதாகச் சொன்னார்கள். அம்மாதம் 5ஆம் தேதி, இரண்டாம் ஊரடங்கின் முதல் நாள், மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஃபாலோஃபீல்ட் விடுதிகளைச் சுற்றி உலோக வேலி நட்டது. முன்கூட்டி யாருக்கும் விளக்கவில்லை. அன்று இரவே மாணவர்கள் திரண்டுவந்து அதைப் பிடுங்கிச் சாய்த்தார்கள். துணைவேந்தர் மன்னிப்புக் கேட்டார்.